மலையேரியில் போணி

"எழுதிக்கோ டீச்சரு. பேரு மட்டும் போடாத" என்று மீன்கார அக்கா சொல்லிவிட்டாள். ஆகவே பேர் இல்லை. அக்காவுக்குப் பேர் இல்லாமல் எங்களுக்கு மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது; அதனால் எனக்கும் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் இல்லை, எங்களை மலைமேல் கூட்டிக்கொண்டு போன அண்ணனுக்கும் இல்லை. ஏரிக்கும் இல்லை. மீனுக்கு மட்டும் உண்டு. ட்ரவுட். என்றைக்கோ வெள்ளைக்காரன் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து நீலகிரிக் குளிரில் விட்டுவிட்டுப் போன மீன்.

அக்கா கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து அலுமினிய அன்னக்கூடையோடு பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகக் கேம்ப் ரோட்டுக்கு வருகிறவள். சேலையூரில் ஒரு மருந்துக் கடை ஓரமாக நீலத் தார்ப்பாய் விரித்து உட்காருவாள். என் வயதுதான். ஐம்பதைத் தொட்டும் தொடாமலும். பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவனை எழுப்பி இறக்கி மத்தி வாங்க வைக்கும் குரல்.

அவளுக்குப் போணி முக்கியம். அன்றைய முதல் வியாபாரம் ஆகிறவரை டீ கூடக் குடிக்க மாட்டாள். போணி ரூபாயை இரண்டு கண்ணிலும் ஒற்றி, தராசைத் தொட்டு, கூடையை ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பில் சொருகிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உலகம் கண் திறக்கும். போணி ஆன மீனைத் திரும்ப எடுக்கவும் மாட்டாள். முள் அதிகம் என்று ஒருவர் ஒருமுறை திரும்பி வந்தபோது, "போணிய திருப்புனா என் நாளே திரும்பிடும் சார். நாளிக்கி வா, சும்மாவே ஒரு மீனு தரேன். இன்னிக்கி இத்த எட்த்துகினு போய்டு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் போய்விட்டார். அந்தக் கும்பிடில் அவ்வளவு மிரட்டல் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. தகடு வெட்டுவது, வளைப்பது, ஓட்டை போடுவது. எந்த மனிதருக்கும் ஐம்பதுக்கு மேல் ஏதாவது ஒன்று பிடிக்கும். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் பக்தி. இவருக்குத் தூண்டில் பிடித்தது. தரையில் கூட வழுக்கி விழுகிறவர், போனில் யாரோ எங்கோ பனியாற்றில் நின்று மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து, பட்டறையில் மிஞ்சிய ஸ்டெயின்லெஸ் துண்டுகளைக் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டி, லேசாகக் குழித்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, அடியில் மூன்று முனைக் கொக்கி மாட்டினார். தண்ணீரில் எறிந்து இழுத்தால் அது குட்டி மீனாக மின்னுமாம். ட்ரவுட் துரத்தி வந்து கடிக்குமாம்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து, வெள்ளை வேட்டியும் பைபிளுமாக அக்காவிடம் நின்றபோது சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். என்ன பெருமை என்கிறீர்கள், பேரக் குழந்தையின் போட்டோ மாதிரி.

"இன்னா சார் இது, கம்மலா?"

"தூண்டில் கா. இத பாத்து மீன் ஏமாந்து கடிக்கும்."

"கரண்டிய எந்த மீனு சார் கடிக்கும்? துட்டு குட்த்து எறா வாங்கி மாட்னாலே மோந்து பாத்துட்டுப் போவுது. ஏன் டீச்சரு, சார் நல்லாதான கீறாரு?"

"அது பெரிய கேள்வி கா" என்றேன் நான்.

அவர் விடவில்லை. ஊட்டிக்கு அப்பால், ரோடு முடிகிற இடத்தில் ஆரம்பித்து, காடு, புல்மேடு, சேறு எல்லாம் நடந்து ஏறினால் ஒரு ஏரி என்றார். முறையாக அனுமதி வாங்கி வைத்திருப்பதையும், கூட வருவதாக இருந்த நண்பர்கள் இரண்டு பேரில் ஒருவரை முழங்காலும் இன்னொருவரை மனைவியும் தடுத்துவிட்டதையும் சொன்னார். அக்கா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தி நின்றது.

"அங்க பொம்பளைங்க புடிக்கலாமா?"

"யார் வேணா புடிக்கலாம் கா."

"அது கடலு இல்லல்ல?"

"ஏரி கா. மலை மேல."

"அப்ப நானு வரேன்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் தார்ப்பாயில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க குப்பத்துல பொம்பள போட்ல ஏறக் கூடாது டீச்சரு. வலையத் தாண்டக் கூடாது. தூண்டிலத் தொடக் கூடாது. தொட்டா மீனு படாதாம். செரி, கடலுக்கு அது சட்டம். மலைக்கு இன்னா சட்டம்? ஒன்னியும் இல்ல. நான் வித்த மீன வரிசையா அடுக்குனா இங்கேந்து தாம்பரம் ஸ்டேசன் வரிக்கும் போவும். ஒன்னு கூட நான் புட்ச்சது இல்ல. வித்தது போவ மிச்சம், தலையும் வாலும், அதான் எங்கூட்டுக் கொழம்பு. ஒரே ஒரு மீனு. என் கையால புடிக்கணும். முழுசா நானே துன்னணும். ஒருத்தருக்கும் ஒரு வாய் குடுக்க மாட்டேன்."

அப்புறம் கையை நீட்டினாள். "எங்கூட்டு ஆம்பளைங்க கையப் பாத்துக்கீறியா நீ? நரம்பு இழுத்து இழுத்து வெரல்ல கோடு கோடா இருக்கும். எங்கப்பன் கை, எங்கூட்டுக்காரரு கை, என் புள்ள கை, எல்லாத்துலயும் கீது. என் கையி பாரு. முள்ளு குத்துனது, கத்தி கிழிச்சது. அந்தக் கோடு மட்டும் இல்ல."

நரம்பு என்று அவர்கள் சொல்வது நைலான் தூண்டில் கயிற்றை. நான் அந்தக் கையையே பார்த்தேன். எனக்குக் காலில் சக்கரம். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் நான் வகுப்பை விட்டு ஓடுகிறவள். அந்தக் கோடில்லாத கையைப் பார்த்ததும் சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது.

"போலாம் கா" என்றேன். மீன் பையை வாங்க மறந்து வீடு வந்தோம். மறுபடி போய் வாங்கினோம்.

பயிற்சி எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்தது. வியாபாரம் முடிந்ததும் அக்கா காலிக் கூடையோடு வருவாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதுதான் ஏரி. அவள் கையில், நரம்பைச் சுற்றி இழுக்க உருளை மாட்டிய தூண்டில் கோல். வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று, "மணிக்கட்டு மட்டும் கா, தோள் வேணாம், மணிக்கட்டு" என்று பாடம் எடுப்பார். அக்காவுக்கு மணிக்கட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. எறிந்தால் இடுப்பிலிருந்து எறிவாள். முதல் நாள் தூண்டில் பின்பக்கமாகப் போய் மாடிக் கதவைக் கடித்தது. இரண்டாம் நாள் கேபிள் ஒயரில் சுற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் 'சர்ர்ர்' என்று அழகாகப் பறந்து, வாளியைத் தாண்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மூன்றாம் வீட்டுக்காரரின் லுங்கியைப் பிடித்தது. "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே அக்கா இழுக்க, கிளிப் தெறிக்க, லுங்கி காற்றில் உப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. சரியாக அந்த நேரம் லுங்கிக்காரர் மாடியேறி வந்தார்.

"என்னங்க இது?" என்றார்.

"டிரவுட்டு" என்றாள் அக்கா.

அன்றைக்கு மாடித் தரையில் உட்கார்ந்து நானும் அவளும் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் மட்டும் லுங்கியிலிருந்து கொக்கியை எடுத்தபடி, "ஆனா கேஸ்டிங் நல்லாருந்துது கா" என்றார்.

வீட்டில் மருதமலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள் அக்கா. "முருகன் பேர்ல பொய் சொல்ட்டமே" என்று தாம்பரத்தில் ஆரம்பித்த கவலையைச் சென்ட்ரல் போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது நிஜமாகவே போய்விடலாம், அப்போது பொய் பொய்யாகவே இருக்காது என்று நான் சொன்னதும் நிம்மதியாகிப் பூரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே பஸ் வளைந்து வளைந்து ஏற, அக்காவுக்குக் காது அடைத்தது. "டீச்சரு, நீ வாய அசைக்கிற, சத்தம் வரல" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

ரோடு முடிந்த இடத்தில் ஜீப் எங்களை இறக்கிவிட்டது. வழிகாட்டி அண்ணன் அங்கே காத்திருந்தார். ஒல்லி, குல்லாய், கம்பளிச் சட்டை. அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பார்க்கத்தான் செய்வார்கள். அவள் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, உள்ளே என் வீட்டுக்காரரின் டிராக் பேண்ட், காலில் என் கேன்வாஸ் ஷூ, தலையில் மங்கி கேப், அதன் மேல் கூடை சுமக்கிற சும்மாடு. சும்மாடு எதற்கு என்றேன். "தலயில ஒன்னியும் இல்லாம நடந்தா எனக்கு சாயுது டீச்சரு" என்றாள்.

"எவ்ளோ தூரம்ணா?" என்றேன்.

"கொஞ்ச தூரந்தானுங்க."

இந்தக் 'கொஞ்ச தூரம்' என்பதை அன்றைக்கு முழுக்கக் கேட்டோம். முதல் ஏற்றத்தில் கேட்டபோதும் கொஞ்ச தூரம். சோலைக்குள் நுழைந்து, பாசி பிடித்த வேர்களில் வழுக்கி, இரண்டு கையும் மண்ணில் ஊன்றிக் குழந்தைகளாகத் தவழ்ந்து ஏறி, மேலே வந்து மூச்சு வாங்கக் கேட்டபோதும் கொஞ்ச தூரம். சமதரையில் வாழ்ந்த நுரையீரல்கள் எங்களுடையவை. சேலையூரில் மேடு என்றால் வேகத்தடைதான். இங்கே பூமி ஒரேயடியாகச் சுவரில் சாய்த்து வைத்த பாய் மாதிரி நின்றது.

அட்டைகள் வந்தன. அக்கா தன் கணுக்காலில் ஒன்றைப் பார்த்து, கடலில் இல்லாத அநியாயம் என்று ஆத்திரப்பட்டாள். "ஏய், கீழ எறங்கு! துட்டு குட்த்தியா நீ?" அண்ணன் உப்புத் துணியால் தட்டினார். அது உருண்டு விழுந்தது. அது கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தது, வலியே இல்லை. வலிக்காமல் ரத்தம் வருவதைப் பார்த்து எங்களுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. உயரம் போகப் போகச் சிரிப்புக்குக் காரணமே தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் தும்மினார், சிரித்தோம். அண்ணன் திரும்பிப் பார்த்தார், சிரித்தோம். மூச்சுக்கு வைத்திருந்த காற்றையெல்லாம் சிரிப்பில் செலவழித்துவிட்டு, புல்லில் மல்லாந்து கிடந்தோம். மேகம் எங்கள் மூக்கு மேலேயே போனது.

புல்மேடு முடிந்து ஒரு பள்ளம். பச்சைப் பட்டு விரித்தாற்போல இருந்தது. "ஓரமா வாங்க, ஓரமா" என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அக்கா பட்டின் நடுவில் கால் வைத்தாள். முழங்கால்வரை போய்விட்டாள். நான் ஒரு கை, வீட்டுக்காரர் ஒரு கை, பின்னால் அண்ணன் என்று இழுத்தோம். சேறு யோசித்து, யோசித்து, பெரிய முத்தச் சத்தத்தோடு காலை விட்டது. ஷூவை விடவில்லை.

"என் ஷூ!" என்றேன்.

"வுடு டீச்சரு, மலைக்கு காணிக்க" என்றாள், ஒற்றைக் காலில் நின்றபடி. சும்மாட்டுத் துணியைக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தாள். "பாத்தியா, சும்மாடு இன்னாத்துக்குன்னு கேட்டியே?"

பிறகு ஒரு மேடு, அதன் மேல் இன்னொரு மேடு, கடைசி மேட்டின் உச்சியில் காற்று எங்களைப் பிடித்துத் தள்ள, கீழே ஏரி.

நான் எழுதுகிறவள். ஒரு நீர்நிலையைப் பார்த்தால் பத்துச் சொல்லாவது எழும். அன்று ஒன்றும் எழவில்லை. வாய்க்குள் காற்றுதான் போய் வந்தது. மேகம் தண்ணீரில் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நீந்திக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் மலை. மனிதர் கைவைத்த ஒரே பொருள் கரையில் ஒரு தகரக் கூரைக் குடில், அன்றிரவு எங்களுக்கானது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அலையே இல்ல" என்றாள். "தூங்குது போல கீது. எய்ப்பலாமா வாணாமா?"

எழுப்பினோம். பிற்பகல் முழுக்க எழுப்பினோம். வீட்டுக்காரர் ஆசையாகச் செய்து கொண்டுவந்த தகடுகளை ஏரி ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டது; ஒன்று பாறை இடுக்கில், ஒன்று மூழ்கிய கட்டையில், ஒன்று எங்கே என்றே தெரியவில்லை. என் நைலான் எனக்கே மாட்டிக்கொண்டு, முதுகில் கொக்கியோடு நான் சுற்றிச் சுற்றி வந்தேன். மழை வந்தது. அக்கா எறிந்தாள், சுற்றினாள், எறிந்தாள். தொலைவில் ஒரு மீன் துள்ளி, வட்டம் போட்டு, மறைந்தது. பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆளைத் திட்டுவது போல அதைத் திட்டினாள். இருட்டும் முன்பு குடிலுக்குள் வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது.

"நான் தொட்டதாலதான் படலியோ?" என்றாள், கம்பளிக்குள்ளிருந்து. அந்தப் பயணத்தில் அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"நானும்தான் தொட்டேன். எனக்கும் படல" என்றார் வீட்டுக்காரர். "நான் ஆம்பளதான கா?"

அக்கா அவரை யோசனையாகப் பார்த்தாள். "அத்த டீச்சரதான் கேக்கணும்" என்றாள். குடில் அதிர்ந்தது. அண்ணனும் சிரித்தார், அவருக்குப் பல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

காலையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தகடு. அதை வீட்டுக்காரர் யாரும் கேட்காமல் அக்காவின் தூண்டிலில் கட்டினார். ஏரி மேல் பனிப்புகை. எங்கள் மூச்சும் புகை. இந்தத் தகடும் போனால் மலையிறங்க வேண்டியதுதான் என்பது நால்வருக்கும் தெரியும்.

அக்கா எறிந்தாள். இடுப்பிலிருந்து, மொட்டை மாடி எறிதல். தகடு பனிக்குள் போய் எங்கோ 'ப்ளக்' என்றது. உடனே சுற்ற வேண்டும். அவள் சுற்றவில்லை, ஏனென்றால் திரும்பி என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "பின்னால நிக்காத சார், காது போய்டும்னு எத்தினி வாட்டி சொல்றது, லுங்கி மறந்துட்டியா..." தகடு அந்த நேரம் முழுக்கக் கீழே, கீழே, இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாவகாசமாகத் திரும்பி இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

கோல் வளைந்தது.

பாறைதான் என்று நினைத்தோம். பாறை பக்கவாட்டில் ஓடியது.

"சுத்துங்க கா! சுத்துங்க!" என்று வீட்டுக்காரர் கத்த, "தளர்த்தி வுடுங்க!" என்று அண்ணன் கத்த, "ஏசுவே!" என்று நான் கத்த, அக்கா ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை. மாடியில் படித்த பாடம் அத்தனையும் மறந்தாள். கோலைத் தூக்கிக் கரையில் போட்டாள். நரம்பை வெறும் கையில் பிடித்தாள். தண்ணீருக்குள் ஒற்றை ஷூவோடு இறங்கி, ஒரு கை மாற்றி ஒரு கை, ஒரு கை மாற்றி ஒரு கை என்று இழுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பிறந்ததிலிருந்து கரையில் நின்று பார்த்த இழுப்பு அது. மீன் காற்றில் எழும்பி, வளைந்து, விழுந்தது. மறுபடி எழும்பியது. நான் கரையில் சும்மா குதித்துக்கொண்டிருந்தேன், மீனும் நானும் மாறி மாறி.

"வாடி! வாடி என் தங்கம்! எங்க போற நீ?"

வந்தது. கடைசியில் புடவைத் தலைப்பை விரித்து, அதில் வாரிச் சுருட்டி, மார்போடு அணைத்துக் கரையேறி, புல்லில் விரித்தாள். முழங்கை நீளம். வெள்ளி உடம்பு, முதுகில் மிளகு தூவினாற்போலப் புள்ளி, செவுள் முதல் வால் வரை ஒரே இழுப்பில் ரோஜாச் சாயம்.

அக்கா மண்டியிட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு. வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள். கெட்டி. நிமிர்ந்தாள். குரல் கிளம்பியது, கேம்ப் ரோட்டுக் குரல், மூன்று மலையிலும் மோதித் திரும்பி வந்த குரல்.

"இன்னா சார் பாத்துகினே நிக்கிற? துள்ளுது பாரு! உசுரு மீனு! ஐஸுல போட்ட மீனா இது? எட்த்துக்கோ, போணி பண்ணு!"

"எவ்ளோ கா?" என்றார் என் வீட்டுக்காரர். அவரும் என்ன செய்வார், பல வருடப் பழக்கம்.

"நீ குடுக்கறத குடு சார், கொறச்சி மட்டும் கேக்காத."

"சின்னதா இருக்கே கா."

"கண்ணு போச்சா உனிக்கி? முழங்கை நீளம் கீது, சின்னதாம்!"

"சரி, வெட்டிக் குடுப்பீங்கல்ல?"

"வெட்டாம? குடு குடு."

அவர் பையைத் துழாவி, நனைந்துபோன நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கினாள். இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். தராசைத் தொடக் கை போனது. தராசு இல்லை. கூடையைச் சுற்ற நிமிர்ந்தாள். கூடை இல்லை. ஏரி இருந்தது.

"அக்கா" என்றேன் மெதுவாக. "அது உன் மீன்."

அவள் நோட்டைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். தாம்பரத்திலிருந்து சுமந்துகொண்டு வந்த ஆசை, சேற்றில் ஷூவைப் பறிகொடுத்து ஏறி வந்த ஆசை, புல்லில் கிடந்தது, விற்றுப் போய்.

"அடிப் பாவி" என்றாள், தன்னையே. "வித்துட்டனே!"

"அட, இந்தாங்க கா, திருப்பி எடுத்துக்கோங்க" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"போணிய எப்டி சார் திருப்புறது? அதுவும் என் கையால புட்ச்ச மொத மீனு. மொத போணி. திருப்புனா அவ்ளோதான், இனிமே ஜென்மத்துக்கும் ஒன்னும் படாது." கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றது.

"இன்னொன்னு புடிச்சிக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

எல்லோரும் தூண்டிலைப் பார்த்தோம். கரையேற்றும்போது மீன் அடித்த கடைசி அடியில் கொக்கி வாயிலிருந்து கழன்று, நரம்பும் அறுந்து, தகடு தண்ணீரோடு போயிருந்தது. அவ்வளவுதான். முடிந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது. கல்யாணத்தன்று நன்றி சொல்லக் கூட என் அண்ணனைத்தான் கூப்பிட்டார். அப்படிப்பட்டவர் அன்று இடுப்பில் கை வைத்து, ஏரியை ஒரு பார்வை பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, மீன் இப்ப என்னோடதா?"

"உன்துதான் சார்."

"நான் துட்டு குடுத்து வாங்கினது. யாருக்குப் போடணும்னு நான்தான முடிவு பண்ணணும்?"

"ஆமா."

"அப்ப உள்ள வந்து உக்காருங்க. இன்னிக்கு எங்க வீட்டு விருந்தாளி நீங்க. முழு மீன். வேற யாருக்கும் கிடையாது. இவளுக்கும் கிடையாது."

"எனக்குமா?" என்றேன்.

"உனக்குத்தான் முக்கியமா கிடையாது."

அக்கா அவரையே பார்த்தாள். போணியின் சட்டத்தில் எங்கேயாவது இது இடிக்கிறதா என்று மனசுக்குள் சுற்றி வந்து பார்த்திருப்பாள் போல. எங்கேயும் இடிக்கவில்லை. "ஸோக்கா பேசற சார்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் மீனை வெட்டிக் கழுவிக் கொடுத்தாள்.

குடிலில் ஒற்றை அடுப்பு, ஒரு தோசைக் கல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள். வீட்டுக்காரர் பொரித்தார். அக்கா பெஞ்சில் சம்மணமிட்டு விருந்தாளியாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை. "தீய கொறை சார்! திருப்பாத இப்போ! ஐயோ, ஒட்டிக்கிச்சு பாரு! தகடா இது, சொரண்டாத!" அவர் கரண்டியும் கையுமாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடினார். நானும் அண்ணனும் ரொட்டியும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றோம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

தட்டு வந்தது. தலை, நடு, வால், முழுசாக. எங்களை ஒரு முறை பார்த்தாள். ஒரு பாவமும் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"எப்டி கா இருக்கு?"

மென்றாள். யோசித்தாள். "சப்புனு கீது."

"என்னது?"

"ருசியே இல்ல டீச்சரு. உப்புத் தண்ணி குடிக்காத மீனு, அதுக்கு இன்னா ருசி வரும்? நம்ம காரப்பொடி மீனு கிட்ட நிக்குமா இது?" சொல்லிக்கொண்டே நடுத்துண்டை முடித்தாள். தலையைப் பிளந்து கண்ணை உறிஞ்சினாள். வாலைக் கடித்தாள். முள்ளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு எடுத்தாள். நான் கொஞ்சம் நெருங்கினேன். தட்டை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சப்புனு இருக்குன்னியே!"

"சப்புனுதான் கீது. உனிக்கி கெடையாது."

எனக்கு ரொட்டி புரையேறியது. அண்ணன் முதுகில் தட்டினார். கடைசியில் தட்டில் மீனின் முதுகெலும்பு மட்டும் கிடந்தது, சீப்பு மாதிரி, அத்தனை சுத்தமாக.

ஏரித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வந்து மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள்.

"வாசனையே இல்ல டீச்சரு. எத்தினி சோப்பு போட்டாலும் போவாத கை இது. இந்த மீனு ஒரு வாசன கூட வெக்கல. நான்தான் புட்ச்சேன்னு எப்டி..."

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில், குறுக்காக, மெல்லிய சிவப்புக் கோடு. நரம்பு அறுத்த கோடு. வெறும் கையால் இழுத்ததில் எப்போதோ விழுந்திருக்கிறது. குளிரில் மரத்துப்போனதில், மிளகாய் பட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் ரத்தம் ஒரு புள்ளியாகத் திரண்டிருந்தது.

விரலை மடக்கினாள். விரித்தாள். மடக்கினாள்.

வீட்டுக்காரர் முதலுதவிப் பையைத் திறந்து, மருந்தையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கா கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"வாணாம் சார், வாணாம், கிட்ட வராத" என்றாள். "ஆறிடப் போவுது."